கோடை ஓடையை அளந்த பின் பேசுவோம்



சில மாதங்களாய் எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. "மலையில் நீங்கள் வாரம் இருமுறை நடத்தும் மருந்தகத்தின் பக்கத்திலேயே ஓடை ஓடுகிறதே, அதில் ஒரு சிறு நீர்மின் இயந்திரம் வைத்தால் டீசலும் வேண்டாம், மின்வெட்டும் இல்லை அல்லவா?" என்று கேட்கிறார்கள். இரண்டு சபைகள் ஒருபடி மேலே போய், இந்த ஆண்டு அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பகுதியை இதற்கென்றே ஒதுக்கலாமா என்றும் கேட்டிருக்கின்றன. கேள்வி நல்லது, அதன் பின்னுள்ள அன்பு அதைவிடப் பெரியது. ஆகவே ஒரு வரியில் "ஆம்" என்றோ "இல்லை" என்றோ பதில் எழுதி முடித்துவிட எங்களுக்கு மனம் வரவில்லை. நம்முடைய சேலம், நாமக்கல் சமவெளியிலேயே, நம் கண்முன்னே, இதே கேள்விக்குப் பெரிய அளவில் பதில் கிடைத்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நம் சிறிய ஓடைக்கு வருவோம்.

மின்சாரம் எங்களுக்கு ஏன் இவ்வளவு கவலை தரும் காரியம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். 2012ஆம் ஆண்டில் தமிழகத்தின் மாவட்டங்களில் நாளின் பாதி நேரம் மின்சாரம் இல்லாதிருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் மலைமேல் ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் இரண்டு நாள் இருட்டுதான். தடுப்பூசி மருந்துகள் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மூச்சுத் திணறலோடு வரும் முதியவருக்கு வைக்கும் ஆக்சிஜன் செறிவூட்டி இரவு முழுதும் நிற்காமல் ஓட வேண்டும். அந்தக் கருவி ஒன்று ஏறக்குறைய 350 வாட் எடுக்கிறது, அதாவது நாள் முழுதும் ஓடினால் எட்டு யூனிட்டுக்கு மேல். எங்களுக்கு வேண்டியது பெரிய மின்சாரம் அல்ல, நிற்காத மின்சாரம்.

முதலில், தண்ணீர் எப்படி மின்சாரமாகிறது என்பதைச் சுருக்கமாய்ப் பார்ப்போம். தண்ணீருக்குள் மின்சாரம் ஒளிந்திருப்பதாய்ச் சிலர் நினைக்கிறார்கள். சக்தி அதன் விழுகையில் இருக்கிறது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்ற இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதே சக்தி. பொதுப்பணித்துறையார் பேசும் கியூசெக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கியூசெக் என்பது வினாடிக்கு ஒரு கன அடி, ஏறக்குறைய 28 லிட்டர். இந்த ஒரு கியூசெக் பத்தடி உயரத்திலிருந்து விழுந்தால், இயந்திரத்தில் ஆகும் சேதம் போக, சுமார் 600 வாட் கிடைக்கும். தோராயமான கணக்குதான், ஆனால் மனதில் வைத்துக்கொண்டால் எந்தத் திட்டத்தையும் நாமே எடை போட்டுப் பார்க்கலாம். தண்ணீர் இரட்டித்தாலும் உயரம் இரட்டித்தாலும் பலன் இரட்டிப்பாகும். மலையில் உயரம் அதிகம், தண்ணீர் குறைவு. சமவெளியில் தண்ணீர் அதிகம், உயரம் குறைவு.

இனி காவேரிக்கு வருவோம். மேட்டூர் அணை 1925ல் தொடங்கி 1934ல் முடிந்தது. அணையின் அடியில் மின்நிலையம் 1937ல் ஓடத் தொடங்கியது. 1960களில் சுரங்க மின்நிலையம் 200 மெகாவாட் திறனோடு சேர்ந்தது. அணையை விட்டு வெளியேறிய தண்ணீர் அதன் பின் வேலை ஏதுமின்றிச் சமவெளியில் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தில் ஆற்றின் குறுக்கே கதவணைகள் கட்டினார்கள். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு. பின்னர் பவானிக்குக் கீழே சமயசங்கிலி, ஓடப்பள்ளி, வெண்டிபாளையம் என்று மூன்று. ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு, ஆக 30 மெகாவாட். ஏழும் சேர்ந்தால் 210. ஒரே தண்ணீர் ஏழு முறை சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அளவு குறையாமல் டெல்டாவுக்குப் போகிறது. எடப்பாடியிலிருந்தோ குமாரபாளையத்திலிருந்தோ நம் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளில் பலர் இந்தக் கதவணைப் பாலங்களைக் கடந்துதான் வருகிறார்கள்.

மத்திய அரசின் பட்டியலில் 25 மெகாவாட் வரையுள்ளதே சிறு நீர்மின் திட்டம். ஆகவே 30 மெகாவாட் கதவணைகள் அந்த வரம்பைச் சற்றே தாண்டியவை. ஆனால் குறைந்த உயரத்தில் ஓடும் ஆற்றை வைத்து மின்சாரம் எடுப்பதன் பலமும் பலவீனமும் இங்கேதான் தெளிவாய்த் தெரிகின்றன.

மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருபதடி உயர வித்தியாசத்தில் 30 மெகாவாட் வேண்டுமானால், ஏறத்தாழ 25,000 கியூசெக் ஓட வேண்டும். டெல்டா பாசனத்துக்கு முழு அளவில் திறக்கும் நாட்களில் அதை ஒட்டிய தண்ணீர் ஓடுகிறது. 10,000 கியூசெக் என்றால் 12 மெகாவாட். பாசனக் காலம் வழக்கப்படி ஜூன் 12ல் தொடங்கி ஜனவரி 28ல் முடிகிறது. அதற்குப் பின் குடிநீருக்காக 1,000 கியூசெக் அளவில் விடும் காலம் வருகிறதே, அப்போது கணக்குப்படி கிடைப்பது 1.2 மெகாவாட். அவ்வளவு பெரிய சக்கரம் அவ்வளவு சிறிய நீரில் ஒழுங்காய்ச் சுழலவும் சுழலாது. 2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 கோடையில் அணை வற்றிக் கிடந்தபோது கதவணைகளும் சும்மா நின்றன.

தண்ணீர் மிஞ்சினாலும் இதே கதிதான் என்பது பலருக்கு ஆச்சரியமாயிருக்கும். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கியூசெக் அளவுக்கு வெள்ளம் வெளியேறியது. அப்படிப்பட்ட நாட்களில் கதவணையின் எல்லாக் கதவுகளையும் தூக்கிவிடுகிறார்கள். தூக்காவிட்டால் கரையோர ஊர்களுக்கு ஆபத்து. கதவைத் தூக்கியதும் அணைக்கு மேலும் கீழும் நீர்மட்டம் ஒன்றாகிவிடுகிறது. விழுவதற்கு உயரமே இல்லை, ஆகவே மின்சாரமும் இல்லை. ஆறு கரைபுரண்டு ஓடும்போது நீர்மின் நிலையம் நின்றுகிடக்கும் காட்சியைக் கண்ட பிறகு, "இவ்வளவு தண்ணீர் வீணாய்ப் போகிறதே" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஆக, ஒரு திட்டத்தின் திறன் இத்தனை மெகாவாட் என்று கல்வெட்டில் பொறிப்பது ஒன்று, ஆண்டு முழுவதிலும் அது உண்மையாய்த் தரும் யூனிட்டுகள் வேறொன்று. கடன் வட்டி மட்டும் 365 நாளும் ஓடும்.

இது புதிய பாடமும் அல்ல. இதே காவேரியில், மைசூர் சமஸ்தானத்தார் 1902லேயே சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுத்து, கோலார் தங்க வயலுக்குக் கம்பியில் அனுப்பினார்கள். மழைக்காலத்தில் குறையில்லை. கோடையில் ஆறு மெலிந்தபோது சுரங்க வேலை தடுமாறியது. ஆண்டு முழுதும் சீராய்த் தண்ணீர் வேண்டும் என்ற அந்தத் தேவை, கண்ணம்பாடி அணையை 1911ல் தொடங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம். அதை ஒட்டி மைசூருக்கும் சென்னை ராஜதானிக்கும் எழுந்த வழக்கு 1924 ஒப்பந்தத்தில் முடிந்தது. அதற்கு அடுத்த ஆண்டே மேட்டூர் வேலை ஆரம்பமானது. நம் மாவட்டத்தின் பெரிய அணைக்குப் பின்னே, ஒரு விதத்தில், கோடையில் மெலிந்த ஒரு நீர்வீழ்ச்சி நிற்கிறது.

கதவணைகளால் ஆற்றுக்கு என்ன நேர்ந்தது? நன்மையும் உண்டு, தீமையும் உண்டு, இரண்டையும் சொல்லியாக வேண்டும். நெரிஞ்சிப்பேட்டைக்கு எதிர்க்கரையிலுள்ள பூலாம்பட்டியில் இன்று தண்ணீர் ஏரி போல விரிந்து நிற்கிறது. கரைக்குக் கரை படகு ஓடுகிறது, விடுமுறை நாட்களில் ஜனங்கள் குடும்பத்தோடு வந்து மீன் சாப்பிட்டுப் போகிறார்கள். கரையோரக் கிணறுகளில் ஊற்று ஏறியிருப்பதாய் விவசாயிகள் சொல்கிறார்கள். ஊராட்சிக்கோட்டையில் தேங்கும் நீரிலிருந்துதான் ஈரோடு மாநகராட்சிக்குக் குடிநீர் போகிறது. மின்சாரம் ஒரு யூனிட் கூட வராத நாளிலும் இந்தப் பலன் நிற்பதில்லை. ஒரு திட்டத்தின் லாப நஷ்டக் கணக்கில் இப்படிப்பட்டவற்றுக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

மறுபக்கம், ஓடிய ஆறு அங்கங்கே குளமாய் நிற்கிறது. பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஈரோடு வட்டாரத்தில் சாயப்பட்டறைகள் நிறைந்திருப்பது நீங்கள் அறிந்ததே. ஓடும் ஆற்றில் கலந்தால் அடித்துக்கொண்டு போயிருக்கும் கழிவு, நிற்கும் நீரில் தங்கிவிடுகிறது. அதில் ஆகாயத்தாமரை செழிக்கிறது. பச்சைப் பாய் விரித்தாற்போல் பரந்து, படகையும் மறிக்கிறது, மின்நிலையத்தின் வாயிலிலுள்ள கம்பித் தட்டியிலும் அடைகிறது. குற்றம் கதவணையுடையதா, சாயப்பட்டறையுடையதா என்று கேட்டால், விஷம் கலப்பவனே முதற்குற்றவாளி. ஆனால் விஷம் கலக்கும் இடத்தில் தண்ணீரைத் தேக்கினால் என்னவாகும் என்பதைக் கட்டுமுன்னே கேட்டிருக்க வேண்டும். மீன்களின் காரியமும் அப்படியே. விலாங்கு மீன் கடலில் பிறந்து ஆற்றில் வளர்ந்து, இனம் பெருக்க மீண்டும் கடலுக்குப் போகும் பிராணி. ஆற்றின் குறுக்கே அடுத்தடுத்து ஏழு சுவர்கள் இருந்தால் அதற்கு வழி ஏது? கட்லா, ரோகு குஞ்சுகளைக் கொண்டுவந்து விடலாம், விலாங்கை அப்படி வளர்த்துவிட முடியாது.

நீர்மின் திட்டங்களில் எங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், யாரும் புகைப்படம் எடுக்காத ஒரு வகையைச் சொல்வோம். வைகை அணையில் 6 மெகாவாட், சாத்தனூரில் 7.5, அமராவதியில் 4 என்று சிறிய மின்நிலையங்கள் இருக்கின்றன. அணைகள் பாசனத்துக்கென்று முன்பே கட்டப்பட்டவை. தண்ணீர் எப்படியும் திறந்துவிட வேண்டியதுதான். அந்தத் தண்ணீர் வெளியே போகும் வழியில் ஒரு சக்கரத்தை வைத்தார்கள், அவ்வளவுதான். புதிதாய் ஒரு ஏக்கர் நிலம் மூழ்கவில்லை, ஒரு குடும்பம் இடம் பெயரவில்லை, ஒரு ஓடை வற்றவில்லை. வாய்க்காலில் தண்ணீர் இல்லாத மாதம் மின்சாரமும் இல்லை. அதை ஒப்புக்கொண்டே கட்டியிருக்கிறார்கள். ஆகவே யாருக்கும் ஏமாற்றமும் இல்லை.

மலைக்கு ஏறினால் கதை மாறுகிறது. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை நம் மிஷன் ஊழியத்தின் சரித்திரத்தில் இடம் பெற்ற மலை. ஜெசி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியர் 1913 முதல் அங்கே வைத்தியமும் பள்ளியும் விவசாய உதவியுமாய் உழைத்தார்கள். ஜெசி ஐயா 1929ல் மலைக்காய்ச்சலுக்குப் பலியானார். அம்மையார் 1974ல் மரிக்கும்வரை மலைகளை விடவில்லை. அவர்கள் மகன், 1914ல் பிறந்து அந்த மலையில் வளர்ந்தவர், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்ப்படுத்திய டாக்டர் பால் பிராண்ட். சிறுவயதில் நெல் வயலில் விளையாடிக்கொண்டிருந்தபோது, வயல் சேறு தண்ணீரோடு கீழே போவதைக் கண்டு ஒரு முதியவர் தங்களைக் கண்டித்ததை அவர் பிற்காலத்தில் ஒரு கட்டுரையாய் எழுதினார். மலையில் ஓடும் தண்ணீர் கலங்கலாய் இருந்தால் மண் போகிறது என்று பொருள். மின் இயந்திரக்காரருக்கும் இதே சேறுதான் எதிரி. மணலும் சேறும் கலந்த நீர் வேகமாய் அடிக்க அடிக்க, சக்கரத்தின் தகடுகள் அரம் போட்டதுபோல் தேயும். மேலே காடு இருந்தால்தான் கீழே இயந்திரம் நிலைக்கும்.

இந்தக் கொல்லிமலையில் 20 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்றை மின்வாரியம் வகுத்தது. மலைமேலுள்ள பல ஓடைகளில் சிறு தடுப்பணைகள் கட்டி, நீரை ஒன்றுசேர்த்து, அடிவாரத்தில் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைப் பக்கம் மின்நிலையத்துக்கு இறக்குவது திட்டத்தின் சாரம். மலைக்கும் அடிவாரத்துக்கும் உயர வித்தியாசம் மிக அதிகம். ஆகவே குறைந்த தண்ணீரிலேயே நிறைய மின்சாரம் எடுக்கலாம் என்பது பொறியாளர்களின் நியாயம், அதில் தவறில்லை. மலைவாழ் மக்களும் விவசாயிகளும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆகாய கங்கை வற்றிப்போகும், ஐயாறு மெலியும், எங்கள் வயலுக்கும் குடிநீருக்கும் என்ன வழி என்று கேட்டார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். "நீர்மின் திட்டம் தண்ணீரைச் செலவழிப்பதில்லை, எடுத்த இடத்தில் திருப்பித் தந்துவிடுகிறது" என்று சொல்வது வழக்கம். முதற்பாதி உண்மை. தண்ணீர் செலவாவதில்லை. ஆனால் எடுத்த இடம் ஒன்று, திருப்பித் தரும் இடம் வேறு. இரண்டுக்கும் நடுவே, ஓடை ஓடிய பாதை உலர்ந்து கிடக்கும். காவேரிக் கதவணையில் அந்த நடுவிடம் மிகக் குறைவு. மலைத் திட்டத்தில் அது சில மைல்களாகலாம். அந்த நடுவிடத்தில் ஒரு குக்கிராமம் இருந்தால், ஒரு நீர்வீழ்ச்சி இருந்தால், ஒரு பாக்குத் தோப்பு இருந்தால், நஷ்டம் முழுதும் அவர்கள் தலையில்தான். மின்சாரமோ கம்பி வழியே எங்கோ போய்விடும். 2017ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், எல்லா ஆறுகளிலும் வறண்ட காலத்துச் சராசரி ஓட்டத்தில் 15 முதல் 20 சதவீதமாவது ஓடவிட வேண்டும் என்று சொன்னது. நல்ல உத்தரவு. ஆனால் வறண்ட காலத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று பல ஆண்டு அளந்து வைத்திருந்தால்தான் அதில் 15 சதவீதம் எவ்வளவு என்று சொல்ல முடியும்.

இன்னொரு காரியம் எங்களைச் சிந்திக்க வைக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நீர்மின் திட்டங்களுக்குத்தான் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். அதற்குக் கீழுள்ளவை அந்த ஆய்வுக்கும், அதோடு வரும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கும் உட்பட வேண்டியதில்லை. வன நிலம் என்றால் வனத்துறை அனுமதி வேறாய்ப் பெற வேண்டும், அது உண்மை. ஆனால் "சிறியது, ஆகவே தீங்கற்றது" என்ற எண்ணம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 20 மெகாவாட் திட்டம் ஒரு பெரிய ஆற்றுக்குச் சிறியது. கோடையில் முழங்கால் அளவே ஓடும் ஓடைக்கு அது மிகப் பெரியது.

பொருளாதாரத்தையும் பார்த்துவிடுவோம். கொல்லிமலைத் திட்டத்தின் மதிப்பீடு 300 கோடி ரூபாய்க்கு மேல். எளிமைக்காக 300 கோடி, 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு வட்டி மட்டும் 27 கோடி. 20 மெகாவாட் ஆண்டு முழுதும் ஒரு நிமிடமும் நிற்காமல் ஓடினால் 17.5 கோடி யூனிட் வரும். எந்த ஓடையும் அப்படி ஓடாது. அதில் 60 சதவீதம் வந்தால் வட்டிச் செலவு யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய். 30 சதவீதமே வந்தால் ஐந்து ரூபாய்க்கு மேல். 20 சதவீதமானால் ஏழே முக்கால் ரூபாய். சம்பளம், தேய்மானம், பழுது எல்லாம் இதற்கு மேல். இயந்திரம் அதே, மலை அதே, கடன் அதே. மாறியது தண்ணீர் மட்டுமே. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பதாய் நம் ஆண்டவர் சொன்ன உவமையை நீங்கள் அறிவீர்கள். நீர்மின் திட்டக்காரன் செலவோடு மழையையும் கணக்கிட வேண்டியவன்.

இனி நம் மருந்தகத்துக்கு வருவோம். எங்களுக்கு 5 கிலோவாட் போதும். வினாடிக்குப் பத்து லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரத்திலிருந்து குழாயில் இறக்கினால், சிறிய இயந்திரத்தின் சேதமெல்லாம் போக 5 கிலோவாட் கிடைக்கும். இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 120 யூனிட். அதே 5 கிலோவாட்டுக்குக் கூரையில் சூரிய ஒளித் தகடு போட்டால் நம் ஊர் வெயிலில் நாளுக்கு 20 யூனிட் அளவில்தான் வரும், இரவுக்கு பாட்டரியும் வேண்டும். இந்தக் கணக்கைப் பார்க்கிற எவருக்கும் ஓடையின் பக்கம் மனம் சாயும். எங்களுக்கும் சாய்ந்தது.

ஆனால் வினாடிக்குப் பத்து லிட்டர் என்பது நாளொன்றுக்கு 8,64,000 லிட்டர். ஆளுக்கு 55 லிட்டர் என்ற அரசாங்கக் குடிநீர்க் கணக்கில், 15,000 பேருக்கு மேல் போதுமான தண்ணீர் அது. அந்த அளவு நவம்பரில் தாராளமாய் ஓடும். ஏப்ரலில் வினாடிக்கு இரண்டு லிட்டராய்க் குறைந்தால் மின்சாரம் ஒரு கிலோவாட், நாளுக்கு 24 யூனிட். அதுவும் ஓடையில் ஒரு சொட்டும் விடாமல் முழுதையும் குழாய்க்குள் தள்ளினால்தான். அந்த ஏப்ரல் மாதத்தில்தான் கீழே உள்ள பெண்கள் ஊற்று தோண்டிக் குடத்தில் மொள்கிறார்கள், ஆடுமாடுகள் அந்தக் குட்டையில்தான் இறங்குகின்றன. சூரியனோ அந்த மாதத்தில்தான் உச்சத்தில் காய்கிறது.

இலங்கையின் மலைநாட்டில் இப்படிப்பட்ட கிராமத்து நீர்மின் நிலையங்கள் 1990களில் பரவலாய் வந்தன. தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரர் காலத்திலேயே ஓடை நீரில் ஆலை ஓட்டிய பழக்கம் அங்கே உண்டு. கிராமத்தார் சங்கம் கூடி, தாங்களே கால்வாய் வெட்டி, வீட்டுக்கு ஒன்றிரண்டு விளக்கு எரிய வைத்தார்கள். யாரும் வந்து ஒளி தராத ஊர்களில் பல ஆண்டுகள் அது பெரிய உபகாரமாயிருந்தது. பிறகு அரசாங்க மின்கம்பி வந்ததும் பல சங்கங்கள் கலைந்தன, இயந்திரங்கள் துருவேறின. நம் தமிழகத்தில் கம்பி போகாத கிராமம் இப்போது அரிது. எனவே ஓடை மின்சாரம் இங்கே அரசாங்கக் கம்பிக்கு மாற்றாக அல்ல, அது அறுந்து கிடக்கும் இரண்டு நாளுக்குத் துணையாகத்தான் நிற்க வேண்டும். ஆண்டில் சில வாரத் துணைக்காக ஒரு குழாய், ஒரு இயந்திரம், இலை தழை அடைத்தால் அன்றன்று நீக்க ஒரு ஆள், அந்த ஆளுக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம்! தகடும் பாட்டரியும் ஆள் கேட்பதில்லை. பாட்டரி சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

காணிக்கை அனுப்ப முன்வந்த சபைகளுக்கு எங்கள் நிர்வாகக் குழு எழுதியிருக்கும் பதில் இதுதான். குளிர்பெட்டிக்கும் ஆக்சிஜன் கருவிக்கும் போதுமான சூரிய ஒளித் தகடும் பாட்டரியும் இந்த ஆண்டே வைத்துவிடுவோம், அதற்கு உங்கள் உதவி தேவை. ஓடைக்காக ஒதுக்க நினைத்த பணத்தை இப்போது அனுப்ப வேண்டாம். இரண்டு கோடைகள் ஓடையை அளந்து பார்க்கிறோம். அளப்பது கடினமான காரியம் அல்ல. ஓடையை ஒரு மண் வரப்பால் மறித்து, ஒரு குழாய் வழியே மட்டும் போகவிட்டு, இருபது லிட்டர் வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். பத்து வினாடியில் நிறைந்தால் வினாடிக்கு இரண்டு லிட்டர். மருந்தகத்துக்கு மருந்து கொண்டுபோகும் எங்கள் ஊழியர் இருவர் ஜனவரி முதல் மே வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் இதைச் செய்து நோட்டில் எழுதுகிறார்கள். கீழ்க்கரைக் குடிசைகளில் எத்தனை குடம் எடுக்கிறார்கள், எந்த வயலுக்கு எந்த நாளில் மடை திறக்கிறார்கள் என்பதையும் அந்த வீட்டாரிடமே கேட்டு அதே நோட்டில் எழுதுகிறார்கள். இயந்திரம் வைப்பதானால் குழாய்க்குள் போவது அவர்கள் தண்ணீர் ஆகையால், ஊர்ப் பெரியவர்கள் மட்டுமல்ல, குடம் சுமக்கிற பெண்களும் கூட்டத்தில் இருந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அவர்கள் வேண்டாம் என்றால் அந்தப் பேச்சு அங்கேயே நிற்கும்.

முதல் கோடையின் அளவுகள் ஜூன் மாதக் கடிதத்தில் மாதவாரியாய் வெளிவரும். உங்கள் சபைகளில் பொறியாளர்களோ, ஓய்வு பெற்ற மின்வாரிய, பொதுப்பணித்துறை ஊழியர்களோ இருந்தால், அந்த எண்களைப் பார்த்துத் தங்கள் கருத்தை எங்களுக்கு எழுதும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்கிறோம்.